குடியுரிமைச் சட்டங்களும் மலையக மக்களின் அன்றாட வாழ்வும்
(பயணம் – வணிகம் – குடும்பம்: ஓர் ஒப்பீட்டு நோக்கு)



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் உங்களுக்கு, வரலாறு, குடியியற் கல்வி ஆகிய இரு பாடங்களிலும் பயன்படக்கூடிய ஒரு விடயத்தை இங்கு நோக்குவோம். 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஆகியவற்றின் ஆண்டுகளை நீங்கள் ஏற்கனவே மனனம் செய்து வைத்திருப்பீர்கள். ஆண்டுகள் அவசியமே. ஆனால் "இதன் விளைவுகளை விளக்குக" என்று வினா வரும்போது, மாணவர் பலர் "இதனால் மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். எவ்வாறு பாதிக்கப்பட்டனர்? எந்தெந்த விடயத்தில் பாதிக்கப்பட்டனர்? இவற்றை எழுதாததால் கைக்கு எட்டிய புள்ளிகள் போய்விடுகின்றன.

அக்கரப்பத்தனையிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் வாழும் உங்களுக்கு இது பாடப்புத்தகத்தில் மட்டும் உள்ள விடயமன்று. உங்கள் தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை ஆகியோரின் வாழ்க்கையில் நடந்தது. எனவே இதனை மூன்று தலைப்புகளில் வைத்துப் படிப்போம்: பயணம், வணிகமும் பணமும், குடும்ப வாழ்வு. பின்னர், அண்மைக் காலத்தில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய நிகழ்வுடன் (பிரெக்சிற்) இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,
• எல்லை தொடர்பான சட்டங்கள் இயற்றப்பட்ட ஒழுங்கை வரிசைப்படுத்துவீர்கள்.
• அவற்றின் அன்றாட விளைவுகளை உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.
• இரு வேறு காலங்களில் நடந்த இரு நிகழ்வுகளின் ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுவீர்கள்.

1. எல்லை திறந்திருந்த காலம்

பிரித்தானியர் ஆட்சியில் இந்தியா, இலங்கை ஆகிய இரண்டும் ஒரே முடியின் கீழ் இருந்தன. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி போன்ற பகுதிகளிலிருந்து மக்கள் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டனர். மண்டபம் முகாமில் தடுத்து வைத்து நோய்ப் பரிசோதனை செய்த பின்னரே அவர்கள் அனுப்பப்பட்டனர். ஆயினும் இக்காலத்தில் கடவுச்சீட்டோ வீசாவோ தேவைப்படவில்லை.

1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் பயணம் மேலும் இலகுவாகியது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை புகையிரதம், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், மீண்டும் புகையிரதம் என ஒரே தொடராகப் பயணம் செய்ய முடிந்தது. இதனையே "போட் மெயில்" என்று அழைத்தனர். ஆள்கட்டப் போகும் கங்காணியும், ஊர்த் திருவிழாவுக்குப் போகும் தொழிலாளியும், கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் முதலாளியும் இதே வழியில் சென்று வந்தனர். "ஊர்" என்றால் தமிழ்நாட்டுக் கிராமம், "தோட்டம்" என்றால் இங்குள்ள வாழ்விடம். இரண்டுக்கும் இடையில் கடல் இருந்தது. ஆனால் எல்லைத் தடை இருக்கவில்லை.

2. எல்லை மூடப்பட்ட படிமுறை

எல்லை ஒரே நாளில் மூடப்படவில்லை என்பதை மாணவர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும். பின்வரும் ஒழுங்கை மனதிற் பதித்துக்கொள்ளுங்கள்.

• 1939 ஓகஸ்ட் 1 – இலங்கைக்குத் தொழிலாளர் புதிதாகக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது.
• 1948 நவம்பர் 15 – 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும், அல்லது தந்தை வழியில் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்தவர்கள் என நிரூபிக்க வேண்டியதாயிற்று.
• 1949 – 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (குடியுரிமை) சட்டம். விவாகமானவர் 7 ஆண்டுகளும் விவாகமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இங்கு வசித்ததை நிரூபிக்க வேண்டும்.
• 1949 – 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். குடியுரிமை இல்லாதோரின் வாக்குரிமை நீங்கியது. அதே ஆண்டு நவம்பரில் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.
• 1964 ஒக்டோபர் 30 – சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகியது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் எனப்பட்டது.
• 1974 – அந்த 150,000 பேரையும் சமமாக, அதாவது 75,000 பேர் வீதம் இரு நாடுகளும் ஏற்பதெனச் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் உடன்பட்டனர்.

நினைவில் கொள்க: 525,000 : 300,000 என்பதைச் சுருக்கினால் 7 : 4 ஆகும். இது வெறும் கணக்கன்று. 7 பேர் இந்தியா செல்லும் வேகத்திற்கேற்பவே 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கப்படும் என்ற ஏற்பாட்டை இது காட்டுகிறது. இங்கே தங்க விரும்பியவரின் உரிமை, இன்னொருவர் இங்கிருந்து போவதைப் பொறுத்திருந்தது.

3. விளைவுகள்: பயணம்

முன்னர் ஊருக்குப் போய் வருவது சாதாரண விடயமாக இருந்தது. 1949 இன் பின்னர் கடவுச்சீட்டு, வீசா, அனுமதி எனப் பல பத்திரங்கள் தேவைப்பட்டன. தாய் தந்தையரின் மரணச் செய்தி கிடைத்தாலும் உடனே புறப்பட இயலவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. குடியுரிமைக்குத் தொடர்ச்சியான வதிவிடம் கேட்கப்பட்டதால், ஊருக்குச் சென்று நீண்ட காலம் தங்கி வந்தவருக்கு அந்தப் பயணமே தடையாகியது. உறவைப் பேணியதற்காக உரிமையை இழக்கும் நிலை இதுவாகும்.

1964 ஒப்பந்தத்தின் பின்னர் பயணத்தின் பொருளே மாறியது. அதுவரை போய் வருவதாக இருந்த பயணம் இப்போது போவதாக மட்டும் ஆகியது. அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டங்களிலிருந்து புறப்பட்டோர் லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு வந்து புகையிரதம் ஏறினர். ஹற்றன், நாவலப்பிட்டி, பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி எனக் கடந்து தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தனர். நிலையங்களில் ஏறுவோரும் வழியனுப்ப வந்தோரும் கட்டிப்பிடித்து அழுததால் "அழுகைக் கோச்சி" என்று அப்புகையிரதத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர்.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. ஆகவே பின்னர் கப்பல் சேவை தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் நடைபெற்றது. உள்நாட்டு யுத்தம் காரணமாக 1984 இல் அதுவும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, புறப்பட வழியில்லாமல் தோட்டத்திலேயே தங்கியோர் பலராவர்.

4. விளைவுகள்: வணிகமும் பணமும்

தோட்டத் தொழிலாளர் தமது சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. 1953 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி நாட்டிற்கு வெளியே பணம் அனுப்புவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இதனால் ஊரில் வாங்கிய கடனை அடைப்பதும், காணிக்குப் பணம் கட்டுவதும் கடினமாயின.

மலையக நகரங்களின் பசார் வீதிகளில் கடை வைத்திருந்த தமிழ்நாட்டு வணிகர் பலர் தற்காலிக வதிவிட அனுமதியிலேயே தொழில் நடத்த வேண்டியிருந்தது. அனுமதி நீடிக்கப்படாதபோது கடையைக் கைமாற்றிவிட்டுச் செல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கடையின் பெயர்ப்பலகை மட்டும் பழைய பெயரிலேயே தொடர்ந்த இடங்களும் உண்டு.

இந்தியா சென்ற குடும்பங்களின் நிலை என்ன? ஊழியர் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் கொண்டுசெல்ல ஒப்பந்தம் இடமளித்தது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாவிற்குக் கீழ் குறைக்கப்படலாகாது என்றும் கூறப்பட்டது. ஆனால் மாடு, மரக்கறித் தோட்டம், கோழிக் கூடு ஆகியவற்றைக் கப்பலில் ஏற்ற முடியாது அல்லவா? புறப்படும் திகதி நெருங்கும்போது, கிடைத்த விலைக்கு அவற்றை விற்க வேண்டியதாயிற்று. விற்பவர் அவசரத்தில் இருக்கும்போது வாங்குபவரே விலையைத் தீர்மானிப்பார் என்ற பொருளியல் உண்மைக்கு இது நல்ல உதாரணமாகும்.

அங்கு சென்றபின் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களிலும் (டான்டீ), கன்னியாகுமரி, கர்நாடகம், அந்தமான் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும் சிலருக்கு வேலை கிடைத்தது. பலருக்குச் சிறு வணிகக் கடன் வழங்கப்பட்டது. இவர்களுக்கு உதவும் நோக்குடன் 1969 இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. ஆயினும் வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்தவருக்கு வணிகம் பழக்கமில்லை. கடன் பணம் கரைந்ததும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலி வேலை தேடிச் சென்றோர் ஏராளம்.

5. விளைவுகள்: குடும்ப வாழ்வு

இதுவே மிக முக்கியமான பகுதியாகும். விண்ணப்பம் குடும்பத் தலைவரின் பெயரில் செய்யப்பட்டது. ஆனால் குடும்பம் என்று மக்கள் கருதியதும் படிவம் கருதியதும் ஒன்றல்ல. ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விண்ணப்பித்தனர். மணமுடித்த மகள் கணவனின் பத்திரத்தோடு போனாள், பெற்றோர் இங்கே நின்றனர். மாப்பிள்ளை பார்க்கும்போது, "அவங்க இந்தியாவா, சிலோனா?" என்று முதலில் விசாரித்துவிட்டே சாதகம் பார்த்ததாகப் பெரியவர்கள் கூறுவர்.

மக்கள் ஏன் போனார்கள் என்ற வினாவும் எழும். இலங்கைக் குடியுரிமை கேட்டோர் தொகை 300,000 ஐ விட மிகக் கூடுதலாக இருந்தது. இந்தியக் குடியுரிமை கேட்டோர் தொகை 525,000 ஐ எட்டவில்லை. அதாவது மக்களின் விருப்பமும் ஒப்பந்தத்தின் கணக்கும் பொருந்தவில்லை. இருப்பினும் 1973 – 1974 காலத்தில் தோட்டங்களில் ஏற்பட்ட கடும் உணவுத் தட்டுப்பாடு, வாக்குரிமையின்மை, பின்னர் நடந்த இனக்கலவரங்கள் ஆகியவை பலரைப் புறப்பட வைத்தன. பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் இந்தியா சென்றனர்.

இங்கே "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவர்கள், அங்கே சென்றபோது "சிலோன்காரர்" என்று அழைக்கப்பட்டனர். இவ்விரு சொற்களையும் உங்கள் விடையில் தயங்காமல் எழுதலாம். ஒரு மக்கள் கூட்டம் இரு நாடுகளிலும் அந்நியராகப் பார்க்கப்பட்டதை இவை இரண்டும் தெளிவாகக் காட்டுகின்றன.

6. ஒப்பீடு: பிரித்தானியாவின் விலகல்

2016 ஜூன் 23 இல் பிரித்தானியாவில் பொது வாக்கெடுப்பு நடைபெற்றது. 51.9 சதவீதமானோர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டுமென வாக்களித்தனர். 2020 ஜனவரி 31 இல் பிரித்தானியா விலகியது. மாறுகாலம் 2020 டிசம்பர் 31 இல் முடிவுற்றது. அதன் பின்னர் ஏற்பட்ட அன்றாட மாற்றங்களை அதே மூன்று தலைப்புகளில் நோக்குவோம்.

பயணம்: முன்னர் பிரித்தானியர் ஒருவர் ஒன்றிய நாடொன்றில் விரும்பிய காலம் தங்கலாம், வேலை செய்யலாம். இப்போது சுற்றுலாப் பயணியாகச் சென்றால் ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களில் 90 நாட்கள் மட்டுமே தங்க முடியும்.

வணிகம்: பொருட்கள் எல்லையைக் கடக்கும்போது சுங்கப் பத்திரங்கள் தேவைப்பட்டன. பெரிய கம்பனிகள் ஆட்களை வைத்து இவ்வேலையைச் செய்தன. சிறு வணிகர் சிரமப்பட்டனர். இதில் இலங்கைக்கும் தொடர்புண்டு. முன்னர் லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்பும் ஆடைகளுக்கு ஒரே சலுகைத் திட்டம் இருந்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்திற்கு ஜி.எஸ்.பி. பிளஸ் திட்டமும், பிரித்தானியாவுக்கு 2023 ஜூனில் அந்நாடு நடைமுறைப்படுத்திய வேறொரு திட்டமும் என இரண்டு விதிகளைப் பின்பற்ற வேண்டியுள்ளது.

குடும்பம்: பிரித்தானியாவில் ஏற்கனவே வாழ்ந்த ஒன்றிய நாட்டவர், தமது வதிவிடத்தை நிரூபித்து 2021 ஜூன் 30 இற்கு முன் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிரான்ஸ், ஜேர்மனி போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்ற இலங்கைத் தமிழர்கள் முன்னர் வீசா இன்றி லண்டனில் குடியேற முடிந்தது. இப்போது அது முடியாது.

ஒற்றுமைகள்:
• இரண்டிலும் திறந்திருந்த எல்லைக்குப் புதிய விதிகள் வந்தன.
• இரண்டிலும் பல்லாண்டு வாழ்ந்தவரே தமது வதிவிடத்தைப் பத்திரத்தால் நிரூபிக்க வேண்டியதாயிற்று.
• இரண்டிலும் வசதி குறைந்தோருக்கே பத்திர வேலை பெருஞ்சுமையாகியது.

வேற்றுமைகள்:
• பிரித்தானியாவில் விலகுவதா இல்லையா என மக்களிடம் கேட்கப்பட்டது. 1964 இல் 975,000 பேரின் எதிர்காலம் இரு அரசுகளால் தீர்மானிக்கப்பட்டது. அவர்களுடைய சம்மதம் கேட்கப்படவில்லை. 1949 சட்டத்தின் பின் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கும் இருக்கவில்லை.
• பிரெக்சிற்றால் பிரித்தானியர் எவரும் தமது நாட்டின் குடியுரிமையை இழக்கவில்லை. மலையக மக்களோ நாடற்றவராயினர்.
• பிரெக்சிற்றில் விண்ணப்பித்து அங்கேயே தொடர்ந்து வாழ வழி இருந்தது. 1964 ஒப்பந்தம் ஆட்களை அனுப்புவதையே அடிப்படையாகக் கொண்டது.

7. பிரச்சினை தீர்ந்த விதம்

1977 பொதுத் தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். இதன்பின் மலையக மக்களின் குரல் பாராளுமன்றத்தில் மீண்டும் வலுப்பெற்றது. 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் பலருக்குக் குடியுரிமை வழங்கின. இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் உரிமை வழங்கியது. அத்திகதியைக் கவனித்தீர்களா? அது ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். போக வேண்டும் என்று தீர்மானித்த அதே நாள், தங்கியிருப்பதற்கான அத்தாட்சியாகவும் ஆகியது. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள் சென்றன.

8. விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

"மலையக மக்கள் இந்தியாவிற்குத் திரும்பிச் சென்றனர்" என்று பலர் எழுதுகின்றனர். "தாயகம் திரும்பியோர்" என்பது அரச ஆவணங்களில் வழங்கும் பெயர். அதனை மேற்கோள்குறிக்குள் எழுதலாம். ஆனால் உங்கள் சொந்த வாக்கியத்தில் சற்று யோசித்து எழுதுங்கள். போனவர்களில் பெரும்பாலானோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தாம் ஒருபோதும் காணாத இடத்திற்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? "அனுப்பப்பட்டனர்" அல்லது "குடிபெயர்ந்தனர்" என்பதே பொருத்தமானது. ஒரு சொல்லைச் சரியாக எழுதினால், நீங்கள் விடயத்தை விளங்கியிருக்கிறீர்கள் என்பது பரீட்சகருக்குப் புரியும்.

மேலும், ஒவ்வொரு விளைவையும் மூன்று படிகளில் எழுதப் பழகுங்கள்: சட்டம் எது? அது எதை மாற்றியது? அதனால் வீட்டில் என்ன நடந்தது?

9. மாதிரி வினாவும் விடையும்

வினா: சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தினால் மலையக மக்களின் அன்றாட வாழ்வில் ஏற்பட்ட விளைவுகள் மூன்றினை விளக்குக.

விடை:
(அ) பயணம்: 1964 ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. இதனால் முன்னர் உறவினரைக் கண்டு வருவதற்காக இருந்த பயணம், மீண்டு வராத பயணமாக மாறியது. தலைமன்னார் வழியாகச் சென்ற குடும்பங்கள் உறவினரை நிரந்தரமாகப் பிரிந்தன.
(ஆ) பொருளாதாரம்: சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் தவிர்ந்த கால்நடை போன்ற உடைமைகளைக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. இந்தியாவில் பழக்கமில்லாத சிறு வணிகத்தில் ஈடுபட்ட பலர் நட்டமடைந்து மீண்டும் கூலித் தொழிலாளராயினர்.
(இ) குடும்பம்: ஒரே குடும்பத்தைச் சேர்ந்தோர் இரு நாடுகளின் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததால் சகோதரர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் பிரிந்தனர். விண்ணப்ப முடிவு வரும்வரை இங்கிருந்தோர் நாடற்றவராக, வாக்குரிமையின்றி வாழ்ந்தனர்.

பயிற்சி வினாக்கள்:
1. 7 : 4 என்ற விகிதம் எதனைக் குறிக்கின்றது?
2. 1949 ஆம் ஆண்டில் மலையக மக்களைப் பாதித்த சட்டங்கள் இரண்டினைக் குறிப்பிடுக.
3. 1984 இல் கப்பல் சேவை நின்றமையால் ஏற்பட்ட விளைவு ஒன்றினைக் கூறுக.
4. பிரெக்சிற்றுக்கும் 1964 ஒப்பந்தத்திற்கும் இடையிலான பிரதான வேற்றுமையை விளக்குக.

செயற்பாடு:
உங்கள் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், நம் குடும்பத்தில் இந்தியா சென்றவர் யார், எந்த ஆண்டில் சென்றார், எந்தப் பத்திரத்தோடு சென்றார் என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பழைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் போன்றவை பெட்டியில் இருந்தால் மூலப் பிரதியை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். போட்டோப் பிரதி போதும். இந்தப் பத்திரங்களைத் தேடி உங்கள் முன்னோர் எத்தனை கந்தோர்களின் படியேறினார்கள் என்பதை இப்பாடத்தைப் படித்த நீங்கள் அறிவீர்கள். அவற்றைப் பத்திரமாக மீண்டும் பெட்டியில் வைத்துவிட்டுப் படிக்க உட்காருங்கள்.

பரீட்சையில் சிறப்புச் சித்தி பெற வாழ்த்துகள்!